பிரக்ஞையைக் கதையாக்குவது எப்படி: வெகுஜனக் கதை எழுதுபவர்களுக்கு ஒரு செய்முறை

மனிதப் பிரக்ஞை என்றால் என்ன என்று தத்துவம் படித்தவரிடம் கேட்டால் நூறு பக்கம் எடுத்துக்கொள்வார். துப்பறியும் கதை அதையே நாலு வரியில் கேட்டுவிடும். கொலை நடந்த இரவு நான் அந்த அறையில் இருந்திருக்கிறேன். கத்தியில் இருப்பது என் கைரேகை. எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. கொன்றது நானா?

நினைவிழந்த கதாநாயகன், கூடுவிட்டுக் கூடு பாயும் மந்திரவாதி, இரட்டை ஆளுமைக் கொலைகாரன், மனிதனைப் போலப் பேசும் இயந்திரம், தான் செத்தது தெரியாமல் வீட்டுக்குள் நடமாடும் பேய் என்று வெகுஜனக் கதையின் பழைய சரக்கெல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றியே இருக்கிறது. சரக்கு பழசு என்று கூச வேண்டாம். வாசகருக்கு ஆட்டத்தின் விதி ஏற்கெனவே தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்குப் போகலாம்.

கீழே உள்ள அளவுகள் 3,000 வார்த்தைச் சிறுகதைக்கானவை. தொடர்கதைக்கும் நாவலுக்கும் அளவு மாறும், முறை மாறாது.

ஒன்றை மட்டும் கழற்றுங்கள்

அன்றாட வாழ்க்கையில் பிரக்ஞை நமக்கு ஒரே பொட்டலமாகக் கிடைக்கிறது. ஞாபகம், உடம்பு, வலி ருசி போன்ற அனுபவம், தெரிந்தவரைப் பார்த்ததும் வரும் நெருக்கம், 'இதைச் செய்தது நான்தான்' என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்தே வருவதால், எது எந்த வேலையைச் செய்கிறது என்று தெரிவதில்லை. ஒரு கதையால் இவற்றில் ஒன்றைக் கழற்றிவிட்டு, மிச்சத்தை அப்படியே வைத்து, ஆள் என்ன ஆகிறார் என்று பார்க்க முடியும். இரண்டைக் கழற்றினால் எதனால் என்ன நடந்தது என்று வாசகருக்குப் பிடிபடாது. நினைவும் போய், உடம்பும் மாறி, கூடவே எதிர்காலமும் தெரிகிற பாத்திரத்தை வைத்து எழுதிய கதைகள் பெரும்பாலும் நடுவில் முறிவது இதனால்தான்.

எதைக் கழற்றலாம் என்பதற்கு மருத்துவமும் தத்துவமும் தாராளமாக உதவுகின்றன.

*ஞாபகம்.* மிகவும் தேய்ந்த தடம். தேய்த்தவர்களில் பாதிப் பேர் தவறாகத் தேய்த்திருக்கிறார்கள். தலையில் அடிபட்டதும் சொந்தப் பெயரே மறந்து, இன்னொரு அடி பட்டதும் எல்லாம் திரும்பி வருவது சினிமாவின் கண்டுபிடிப்பு. மூளைக் காயத்தால் வரும் நினைவிழப்பு பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கும். பெயரும் பால்ய காலமும் தங்கிவிடும், இன்று காலை நடந்தது தங்காது. வலிப்பு நோய்க்காக 1953-இல் மூளை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலைசன், 2008-இல் இறக்கும்வரை புதிய நிகழ்ச்சிகளை நினைவில் நிறுத்த முடியாமலே வாழ்ந்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஒரு நட்சத்திர வடிவத்தின் விளிம்பைப் பென்சிலால் வரையும்படி அவரிடம் சொன்னார்கள். நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும் அதை முதன்முறையாகச் செய்வதாகவே அவர் நம்பினார்.

கதைக்கு வேண்டியது இந்த இடைவெளிதான். உங்கள் பாத்திரம் ஒரு எண் பூட்டின் முன் நிற்கட்டும். எண் என்ன என்று கேட்டால் தெரியாது. விரல் போய்ச் சரியாக அழுத்திவிடும். கூட நிற்கும் போலீஸ்காரருக்கு அது குற்றத்தின் சாட்சி. பாத்திரத்துக்கோ தன் விரலே அந்நியம்.

*நெருக்கம்.* இதற்குத் தனியாக இடம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் எழுதப்பட வேண்டிய அளவுக்கு எழுதப்படவில்லை. 1923-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் காப்கிரா விவரித்த ஒரு நிலை உண்டு. மனைவியின் முகம் தெரியும், மூக்கும் மச்சமும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் 'இவள் என் மனைவி இல்லை, அவளைப் போலவே இருக்கும் வேறொருத்தி' என்று கணவன் உறுதியாகச் சொல்வான். பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது: முகத்தை அடையாளம் காணும் பாதை வேலை செய்கிறது, அதைப் பார்த்ததும் உள்ளே எழ வேண்டிய பரிச்சய உணர்வு எழவில்லை. மனம் அந்த ஓட்டையை அடைக்க 'ஆள்மாறாட்டம்' என்று ஒரு கதை கட்டிவிடுகிறது. இப்படிப்பட்ட சிலருக்குத் தொலைபேசியில் குரலைக் கேட்டால் சந்தேகமே வருவதில்லை. குரலின் பாதை வேறு.

இந்தக் கடைசித் தகவலிலேயே ஒரு கதை தயாராக இருக்கிறது. மனைவி சமையலறையில் நின்று, கூடத்தில் இருக்கும் கணவனுக்கு செல்போனில் பேசுகிறாள்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. நீ எப்ப வர்றே? சீக்கிரம் வா. இங்க உன்னை மாதிரியே ஒருத்தி வந்து உக்காந்திருக்கா. உன் புடவையத்தான் கட்டியிருக்கா."

"பயப்படாதீங்க. அவங்க சாப்பாடு போட்டா சாப்பிடுங்க."

மூளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருந்தாலும் ஓர் ஆளை 'அவர்தான்' என்று நமக்குச் சொல்வது எது என்ற கேள்வி முழுதாக மேசைக்கு வந்துவிட்டது. அந்த 'அவங்க' என்ற சொல்லில் மனைவி எதை விட்டுக்கொடுத்தாள் என்பதையும் கவனியுங்கள்.

*நான்தான் செய்தேன் என்ற எண்ணம்.* குற்றக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான இழை கிடையாது. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை துண்டிக்கப்பட்ட நோயாளிகளை ரோஜர் ஸ்பெர்ரியும் மைக்கேல் கஸானிகாவும் ஆராய்ந்தார்கள். ஸ்பெர்ரிக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு சோதனையில், பேசத் தெரிந்த இடப் பாதிக்குக் கோழிக்காலும், பேசாத வலப் பாதிக்குப் பனி மூடிய வீடும் காட்டப்பட்டன. பொருத்தமான படத்தைத் தொடச் சொன்னபோது இடப் பாதி இயக்கும் வலக்கை கோழியைத் தொட்டது, வலப் பாதி இயக்கும் இடக்கை பனி அள்ள உதவும் மண்வாரியைத் தொட்டது. மண்வாரி ஏன் என்று கேட்டதற்கு, பனியைப் பார்த்திராத இடப் பாதி தயங்காமல் பதில் சொன்னது: கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய.

பொய் சொல்கிற நினைப்பே அவரிடம் இல்லை. காரணம் கற்பிப்பது நம் எல்லோருக்கும் இப்படி அனிச்சையாக நடக்கிறது என்பதற்கு, காயமில்லாதவர்களை வைத்துச் செய்த ஆய்வும் உண்டு. 2005-இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வில், இரண்டு முகப் படங்களில் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, கைவித்தையால் மற்றதை மாற்றிக் கொடுத்தார்கள். பெரும்பாலானோர் கவனிக்கவே இல்லை. தாங்கள் தேர்ந்தெடுக்காத படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஏன் பிடித்தது என்று விளக்கினார்கள். போலீஸ் விசாரணைக் காட்சி எழுதுபவர்கள் இதை நகம் அளவு மாற்றினால் போதும்.

நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டின் 1983 சோதனையும் இந்த வகையில் அடிக்கடி இழுத்து வரப்படும். விரலை அசைக்கும் முடிவை எடுத்ததாக ஆள் உணரும் கணத்துக்குச் சுமார் மூன்றில் ஒரு விநாடி முன்பே மூளையில் ஆயத்த மின்னசைவு தொடங்கிவிடுகிறது. ஒரு விஞ்ஞானிப் பாத்திரம் இதை வைத்து 'ஆகவே சுயவிருப்பம் பொய்' என்று முழங்கினால், உடனே எதிர்வாதம் சொல்ல இன்னொருவரையும் அந்த அறையில் வையுங்கள். அந்தச் சோதனைக்கு என்ன அர்த்தம் என்பதில் இன்றுவரை சண்டை ஓயவில்லை.

*உடம்பு.* இளவரசனின் நினைவுகள் செருப்புத் தைப்பவரின் உடம்புக்குள் போனால் அங்கே இருப்பவர் யார் என்று தத்துவவாதி ஜான் லாக், மனித அறிவைப் பற்றிய தன் நூலின் 1694 பதிப்பில் கேட்டார். அந்தக் கேள்வியைப் பார்க்காமலே நம் கூடுவிட்டுக் கூடு பாய்ந்த கதைகள் அதைக் கேட்டுவிட்டன. 1984-இல் இன்னொரு தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் அதையே இன்னும் கூர்மையாக்கினார். ஓர் இயந்திரம் உங்களைப் பிரதியெடுத்து வேறு கிரகத்தில் உருவாக்குகிறது, ஆனால் இங்கே இருக்கும் மூலம் அழியாமல் மிஞ்சிவிடுகிறது. நகல் கதை எழுதுபவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் சந்து இதுதான்.

*அனுபவம்.* உள்ளே யாருமே இல்லாத, வெளியே எல்லாம் சரியாக நடக்கும் ஆள். தத்துவத்தில் இதற்கு ஸோம்பி என்று பெயர், சினிமாவில் சதையைத் தின்னும் பிணத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்று 1974-இல் தாமஸ் நேகல் எழுப்பிய கேள்வியும், மூளை வேலை செய்யும்போது கூடவே அனுபவம் என்ற ஒன்று ஏன் இருக்க வேண்டும் என்று 1995-இல் டேவிட் சால்மர்ஸ் முன்வைத்த 'கடினமான சிக்கலும்' இங்கேதான் வருகின்றன. எழுதுவதற்கு இருப்பதிலேயே கஷ்டமான இழை இது. வித்தியாசம் வெளியே தெரியாது என்பதே விதி என்றால், காட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஜாக் ஃபின்னி 1955-இல் ஒரு சிறிய கசிவைத் திறந்துவிட்டுத் தப்பித்தார். அவருடைய நாவலில் விதைக்கூடுகளிலிருந்து வரும் போலி மனிதர்களுக்கு எல்லா நினைவும் உண்டு, உணர்ச்சி மட்டும் இல்லை. தத்துவப்படி இது விதிமீறல். கதைப்படி இது இல்லாமல் நடக்காது. முதல் முயற்சியாக எழுதுபவர்கள் இந்த இழையைத் தள்ளிவைப்பது நல்லது.

கேள்வியை ஒரு கையெழுத்தாக மாற்றுங்கள்

இழையைத் தேர்ந்தெடுத்ததும், அதைப் பற்றிய கேள்வியை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் யாராவது ஒரு வேலையைச் செய்ய முடியாத நிலையை உண்டாக்குங்கள். 'நகலும் மூலமும் ஒரே ஆளா?' என்பது வெறும் கேள்வி. இருவரும் ஒரே சொத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்து நிற்பதும், பதிவாளர் பேனாவை யாரிடம் நீட்டுவது என்று விழிப்பதும் கதை. 'நினைவில்லாத குற்றத்துக்குப் பொறுப்பு உண்டா?' என்பதை, தண்டனை அனுபவித்துக்கொண்டிருப்பவர் தினமும் காலையில் 'நான் ஏன் இங்கே இருக்கிறேன்?' என்று கேட்பதாகவும், காவலர் அன்றாடம் பதில் சொல்ல வேண்டியிருப்பதாகவும் மாற்றலாம்.

மாற்றியது சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. 'பிரக்ஞை', 'ஆன்மா', 'மனம்', 'நான் யார்' ஆகிய சொற்களைக் கதைச் சுருக்கத்திலிருந்து நீக்கிவிட்டு ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் 'அப்புறம் என்ன ஆச்சு?' என்றால் தேறிவிட்டது. 'நல்ல கருத்து' என்றால் தேறவில்லை.

கதை வகையைப் பொறுத்து, எதை யாரிடமிருந்து மறைப்பது என்பது மாறும். துப்பறியும் கதையில் கழன்ற இழை வாசகருக்குக் கடைசியில்தான் தெரிய வேண்டும். பேய்க்கதையில் வாசகருக்கு முதலில் தெரியட்டும், பாத்திரத்துக்கு மெதுவாகத் தெரியட்டும். காதல் கதையில் இருவருக்கும் தெரிந்திருந்து, பேசாமல் இருக்க வேண்டும்.

தமிழின் வினைமுற்றே பாதி வேலையைச் செய்துவிடும்

பிரக்ஞையைப் பற்றிய கதையில் யார் சொல்கிறார், எந்த இடத்தில் நின்று சொல்கிறார் என்பதே கதையின் பாதி. 1886-இல் ஸ்டீவன்சன் எழுதிய ஜெகில் - ஹைட் கதையின் கடைசிப் பகுதி ஜெகிலின் வாக்குமூலம். அதில் அவர், மருந்தைக் குடித்ததும் தானே மாறிவிடும் ஹைடைப் பற்றிச் சொல்லும்போது 'நான்' என்று சொல்ல முடியாமல் 'அவன்' என்று நழுவுகிறார். ஓர் ஆள் இரண்டாகப் பிளந்ததை இந்த நழுவல் காட்டுகிற அளவுக்கு மருந்தும் புகையும் காட்டுவதில்லை. தமிழில் எழுதுபவருக்கு இப்படி நழுவ இன்னும் பல வாசல்கள் உண்டு.

முதல் வாசல், 'நான்' என்பதற்கும் 'எனக்கு' என்பதற்கும் இடையில். எடுத்தேன், தேடினேன், முடிவு செய்தேன் என்னும்போது ஆள் முன்னால் நின்று வேலை செய்கிறார். பசித்தது, தோன்றியது, புரிந்தது, ஞாபகம் வந்தது என்னும்போது ஆள் 'எனக்கு' என்று ஓரமாக நிற்க, விஷயம் தானாக வந்து சேர்கிறது. சுயவிருப்பம் கழன்றுபோகும் கதையில் இதை ஏணியாகப் பயன்படுத்தலாம். முதல் பக்கம்:

"கத்தியை எடுத்தேன். வெங்காயத்தை நறுக்கினேன். அவர் உள்ளே வந்ததும் நிறுத்தினேன்."

கடைசிப் பக்கம்:

"கை கத்தியை எடுத்தது. வெங்காயம் நறுக்கி முடிந்திருந்தது. அவர் உள்ளே வந்தது தெரிந்தது. கை நிற்கவில்லை."

'என்னைக் கட்டுப்படுத்த முடியவில்லை' என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் அந்த நாலு வாக்கியமும் செத்துவிடும்.

இரண்டாவது, கேள்விப்பட்டதைச் சொல்லும் 'ஆம்'. 'அவன் வந்தானாம்' என்பதில் புதுமை இல்லை. அதைத் தன்மையில் போட்டுப் பாருங்கள்: "நேற்று ராத்திரி நான் வாசல் கதவைத் திறந்து வைத்தேனாம். அம்மா சொல்கிறாள். யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசினேனாம்." தன் செயலைத் தானே அடுத்தவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு வேறு விளக்கமே தேவையில்லை. நினைவிழப்பு, தூக்க நடை, ஆவி புகுதல் மூன்றுக்கும் இது பொருந்தும். ஒரு கதையில் இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம். மூன்றாவது முறை வாசகர் உத்தியைப் பார்க்க ஆரம்பிப்பார்.

மூன்றாவது, 'நாங்கள்', 'நாம்'. கூட்டு மனம், உடம்புக்குள் புகுந்த இன்னொரு மனம், வேற்றுக்கிரகத்துக் கூட்டம் எதுவானாலும், பாத்திரத்திடம் பேசும்போது முதலில் 'நாங்கள்' என்றே பேசட்டும்: "நாங்கள் உன்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம்." பாத்திரம் வெளியே இருக்கிறது. பத்துப் பக்கம் கழித்து, எந்த ஆரவாரமும் இல்லாமல்: "வா, நாம் வீட்டுக்குப் போகலாம்." எழுத்தாளர் எதையும் அறிவிக்கவில்லை. வாசகருக்கு முதுகு சில்லிடும். 'நாம்' வரும் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் வேறெங்கும் அந்தக் குரல் 'நாம்', 'நம்' என்று சொல்லிவிடாமல் கைப்பிரதி முழுவதையும் தேடிப் பார்த்துவிடுங்கள். ஓரிடத்தில் தவறினாலும் வெடி நமத்துப்போகும்.

நான்காவது, திணை. இயந்திரம் 'வந்தது' என்று எழுதுவதும் 'வந்தான்' என்று எழுதுவதும் அதற்குள் யாராவது இருக்கிறார்களா என்பதற்கு நாம் கொடுக்கும் தீர்ப்பு. இந்தத் தீர்ப்பைக் கதைசொல்லி ஒருவரே கொடுக்காமல் பாத்திரங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். உரிமையாளர் எப்போதும் 'அது' என்பார். வீட்டுப் பிள்ளை முதல் நாளிலிருந்தே 'அவன்' என்பாள். அதை உருவாக்கிய பொறியாளர் கதை முழுதும் 'அது' என்று சொல்லிவிட்டு, அதை அணைக்கப் போகும் தருணத்தில் ஒரு முறை நாக்குத் தவறுவார். கதைசொல்லி படர்க்கையில் சொல்பவராக இருந்தால் கடைசிவரை எந்தப் பக்கமும் சாயாமல் இயந்திரத்தின் பெயரையும், திணை காட்டாத வினையெச்சங்களையும் வைத்து ஓட்டிவிடலாம். சிரமம்தான், ஆனால் 3,000 வார்த்தைக்குள் முடியும். எதிர்த்திசையிலும் போகலாம்: நினைவிழந்த முதியவரை வீட்டார் மெல்ல மெல்ல 'அது எங்கே போச்சு?' என்று கேட்கத் தொடங்குவது. ஒரு குறிப்பு: குழந்தையைப் பற்றிப் பேசும்போது 'அழுகிறது, தூங்குகிறது' என்றுதான் சொல்கிறோம், அன்பில் குறைவில்லை. ஆகவே 'அது' வந்தாலே மனம் மறுக்கப்பட்டுவிட்டது என்று ஆகாது. இந்தக் குழப்பம் கதைக்கு நல்லதே. ஒரு பாத்திரம் எந்த 'அது'வைச் சொல்கிறது என்று வாசகர் யோசிக்கட்டும்.

ஐந்தாவது, 'என்று நினைத்தான்' என்பதை வெட்டுவது. "அவள் வரமாட்டாள் என்று நினைத்தான்" என்பதில் கதைசொல்லி நடுவில் நிற்கிறார். "அவள் வரமாட்டாள். வந்து மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது?" என்றால் நாம் நேராக அவன் தலைக்குள். நனவோடை என்று இதை நீட்டிக்கொண்டே போகும் ஆசை எல்லோருக்கும் வரும். வெகுஜனக் கதையில் ஒரு தடவைக்கு 120 வார்த்தை போதும். அதற்குமேல் போனால், வெளியே என்ன நடக்கிறது என்ற கேள்வி வாசகரின் கையை விட்டுப் போய்விடும்.

எழுத்து நடையே மாறிக் காட்டுவது இன்னொரு வழி. டேனியல் கீஸ் 1959-இல் எழுதிய சிறுகதை முழுவதும், அறிவு வளர்ச்சி குன்றிய ஒருவர் எழுதும் அறிக்கைகளாக வரும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் அறிவு ஏறுவதும் பின்பு இறங்குவதும் அவருடைய எழுத்துப்பிழைகளிலேயே தெரியும். தமிழில் செய்வதானால் ர-ற, ல-ள-ழ குழப்பமும் விட்டுப்போன ஒற்றும் கைகொடுக்கும். பத்திரிகைக்கு அனுப்புகிறவர்கள் பிரதியின் தலையில் 'பிழைகள் வேண்டுமென்றே விடப்பட்டவை' என்று எழுதிவிடுங்கள். இல்லையென்றால் பிழைதிருத்துபவர் கதையையே சேர்த்துத் திருத்திவிடுவார்.

அளவும் வரிசையும்

முதல் 500 வார்த்தை சாதாரண வாழ்க்கை. இங்கே பாத்திரத்தின் மூன்று பழக்கங்களை வாசகர் மனதில் பதிக்க வேண்டும்: எப்படித் தேநீர் குடிப்பார், எதற்குச் சிரிப்பார், எதைத் தொட்டால் கோபம் வரும் என்பதுபோல. பின்னால் மாறப்போவது இவற்றில் ஒன்று, மாறாமல் நிற்கப்போவது மற்ற இரண்டு. மூன்றும் மாறினால் வேறு ஆள், ஒன்றும் மாறாவிட்டால் கதை இல்லை.

சுமார் 600-ஆவது வார்த்தையில் முதல் விரிசல். அதற்குச் சாதாரணமான விளக்கம் ஒன்று இருக்க வேண்டும்: தூக்கக் கலக்கம், மறதி, கோபம். இரண்டாவது விரிசல் 1,100 வாக்கில், முதல் விளக்கத்தை உடைக்க வேண்டும். கையெழுத்துப் போட வேண்டிய நெருக்கடி 1,800-இல். மிச்சம் அதன் விளைவு.

அறிவியல் விளக்கம் எவ்வளவு? மொத்தமே 150 வார்த்தை, ஒரே மூச்சில் 60-க்கு மேல் வேண்டாம், முதல் மூன்றில் ஒரு பங்கில் கூடவே கூடாது. விளக்கத்தைத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் பாடமாகச் சொல்வதைவிட, அவசரத்தில் இருப்பவர் அரைகுறையாகச் சொல்வது நன்றாக நிற்கும். மருத்துவர் பணம் கட்டச் சொல்லும்போது நடுவில் ஒரு வரி சொன்னால், அந்த வரியை வாசகர் தானாகப் பிடித்துக்கொள்வார்.

எங்கே கெடுகிறது

அதிகம் கெடுவது முடிவில். 'எல்லாம் கனவு', 'எல்லாம் கணினிக்குள்', 'அவனுக்குப் பைத்தியம்' ஆகிய மூன்றும் கேள்வியைக் கலைத்துவிடுகின்றன. நீங்கள் பந்தயம் கட்டச் சொன்னீர்கள், வாசகர் ஒரு பக்கம் கட்டிவிட்டார், இப்போது ஆட்டமே நடக்கவில்லை என்கிறீர்கள். முடிவில் யாராவது ஒரு செயலைச் செய்து கேள்விக்குத் தன் பதிலைச் சொல்ல வேண்டும். அது சரியா என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. மேலே சொன்ன தொலைபேசிக் கதையில், மனைவி வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு தினமும் ஒரு மணி நேரம் போனில் வாழ முடிவெடுப்பது ஒரு முடிவு. ஒரு நாள் அந்த அழைப்பை எடுக்காமல் விட்டுவிட்டு அவன் எதிரில் போய் உட்காருவது இன்னொன்று.

நோயை வில்லனாக்குவது அடுத்த கேடு. பல ஆளுமைகள் இருப்பதாகக் காட்டப்படும் பாத்திரம் என்றால் ஓர் ஆளுமை கொலைகாரனாக இருந்தே தீர வேண்டும் என்பது பத்திரிகைக் கதைகளில் எழுதப்படாத சட்டமாகிவிட்டது. உண்மையில் இந்த நிலையோடு பெரும்பாலும் சேர்த்துப் பேசப்படுவது சிறுவயதுக் கொடுமை. பாதிக்கப்பட்டவரை மறுபடி குற்றவாளியாக்குவது தவறு என்பதோடு, திருப்பமாகவும் சலித்துவிட்டது. மனச்சிதைவையும் (ஸ்கிஸோஃப்ரீனியா) பல ஆளுமையையும் ஒன்றென்று எழுதுவதும் இதே கணக்கில் சேரும். இரண்டும் வேறு.

இயந்திரக் கதைகளில், இயந்திரம் அழுததும் அதற்குப் பிரக்ஞை வந்துவிட்டது என்று முடிப்பவர்கள் அதிகம். கண்ணீர் எதையும் நிரூபிக்காது. அழச் சொல்லி எழுதப்பட்ட நிரலும் அழும். கணினியியல் முன்னோடி ஆலன் டூரிங் 1950-இல் ஒரு கட்டுரையில் முன்வைத்த ஆட்டம்கூட, இயந்திரம் பேச்சில் மனிதனாகத் தேறுமா என்பதைத்தான் பார்க்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை அவருடைய கட்டுரை வேண்டுமென்றே ஒதுக்கிவைக்கிறது. யாரும் பார்க்காதபோது, எந்த லாபமும் இல்லாமல் இயந்திரம் ஒன்றைச் செய்வதாகக் காட்டினால் வாசகர் தாமாகவே சந்தேகப்படுவார். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைக்காதீர்கள்.

நகல் கதையில் வழக்கமாக விழும் ஓட்டை: நகல் தான் நகல் என்பதை முதலிலேயே அறிந்திருப்பது. மூலத்தின் எல்லா நினைவும் இருந்தால் அது தன்னையே மூலமாகத்தான் நினைக்கும். இதை மறந்தால் கதையின் தர்க்கம் அறிபுனை படிப்பவர் கண்ணில் உடனே பட்டுவிடும்.

அச்சுக்கு அனுப்புமுன்

பிரதியை ஒரு வாரம் மூடிவைத்துவிட்டு இரண்டு நிறப் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் தானாகச் செய்த வினைகளுக்கு ஒரு நிறம், அவருக்கு நேர்ந்த வினைகளுக்கு இன்னொரு நிறம். கழன்ற இழை சுயவிருப்பம் என்றால் நிறம் பக்கத்துக்குப் பக்கம் மாற வேண்டும். கழன்றது நினைவு அல்லது நெருக்கம் என்றால் நிறம் கலந்தே இருக்கலாம், ஆனால் விரிசல் விழும் இரண்டு இடத்திலும் இரண்டாவது நிறம் திடீரென்று கூடியிருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் மாற்றத்தைச் சொல்லியிருக்கிறீர்கள், எழுதவில்லை.

பிறகு இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். பிடித்ததா என்று கேட்காதீர்கள், பிடித்தது என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிவாளரின் இடத்தில் இருந்தால் பேனாவை யாரிடம் கொடுத்திருப்பீர்கள் என்பதுபோல, கதையின் நெருக்கடியைப் பற்றி மட்டும் கேளுங்கள். இருவரும் ஒரே பதிலை உடனே சொன்னால் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. 1,100-ஆவது வார்த்தையில் வரும் விரிசலுக்குத் திரும்பிப் போய், மற்றத் தட்டில் ஒரு பழக்கத்தைச் சேர்த்துவிட்டு, வேறு இரண்டு பேரிடம் கொடுங்கள்.